சோறு போட்ட பெயர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மெல்பேர்னில் இரண்டு, சிட்னியில் ஒன்று என்று மூன்று கராஜ் ஓடுகின்றன. மூன்றின் வாசலிலும் என் பெயர் ஆளுயர எழுத்தில் நிற்கிறது. அடிபட்டு நசுங்கிய எந்தக் காரையும் என்னிடம் கொண்டு வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையால் ஒருமுறை தடவினால் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று சொல்லிவிடுவேன். பட்டம் பெற்ற பொறியியலாளர்களே வாய் பார்த்து நின்றிருக்கிறார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

ஆனால் வாசலில் இருக்கும் அந்தப் பெயர், அது வேறு கதை. அது ஓர் அமெரிக்கப் பெயர். முன்பெயர், குடும்பப் பெயர் இரண்டுமே அச்சு வெள்ளைக்காரப் பெயர். சிட்னி ஹோம்புஷில் தோசைக்கடையில் உட்கார்ந்திருந்தால், தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, பெயரைக் கேட்டு, “அங்கிள், நீங்க கிறிஸ்டியனா?” என்பார்கள். “இல்லை தம்பி, சைவம். தோசை ஆறுது, சாப்பிடும்” என்று முடித்துவிடுவேன். அதற்கு மேல் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதமாட்டேன். அது முழுக்க என்னுடையது இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மெல்பேர்னில் தனியாள். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்து வந்தவன், இந்தத் துறைமுகத்தில் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கப்பல் எனக்காக நிற்கவில்லை. தற்காலிக அனுமதி தந்தார்கள். அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். புட்ஸ்கிரேயில் ஒரு கராஜில் சேர்ந்தேன். ஊரில் நாங்கள் ரிங்கரிங் என்று சொல்லும் வேலை, நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது. இரண்டே வருடத்தில் அந்தக் கராஜின் தலைமைக் கை நான்தான். முதலாளியே தன் காரை வேறு யாரும் தொடவிடமாட்டார்.

மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். நான் கப்பலேறியபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நாலரை வயது. வருடத்துக்கு ஒரு படம் வரும். அப்படித்தான் அவள் வளர்ந்ததைக் கண்டேன். இரண்டு பேரையும் இங்கே கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அந்த நாளில் இந்த நாடு நிறம் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட்டது; எங்கள் நிறத்துக்கு அது லேசான காரியமில்லை.

நான் குடியிருந்த வீட்டில் அடுத்த அறையில் ஒரு பறங்கியர், வெள்ளைக்காரக் கலப்பு வம்சத்தவர், இருந்தார். கொழும்புக்காரர். வாழ்நாள் முழுக்க யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓட்டியவர். தன் வம்சத்து ஒல்லாந்துக்காரர்களை மரம்போல் வரைந்த ஒரு தாளைக் காட்டி இந்த நாட்டுக்குள் வந்தவர். நான் அவரை அங்கிள் என்பேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பொறுக்கிய தமிழ் அவருடையது. ‘நீங்கள்’ என்ற சொல்லே அவரிடம் கிடையாது; கோயில் ஐயரையும் நீ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வரும் இங்கிலீஷ் கடிதத்தை வாசிப்பதும், பதில் எழுதுவதும் அவர்தான்.

“டேய் பூனைக்கண்ணா, உனக்கு மூளை இருக்கா?” என்றார் ஒருநாள். என் கண் சாம்பல் நிறம். ஊரில் எல்லோரும் கூப்பிட்டதைத்தான் அவரும் கூப்பிட்டார். “உன் பேரைப் பார். கண்ணைப் பார். உள்ள வெள்ளைக்காரன் ரத்தம் ஓடுது மேன். கலப்பு எண்டு காட்டு. விசா குடுக்கிற கந்தோர்க்காரன் கதவைத் திறப்பான். பெண்சாதி பிள்ளை பிளேனில வரும்.”

“அங்கிள், நான் சைவக்காரன்.”

“சாமியை யார் கேட்டது? தாத்தாவைக் கேக்கிறான்.”

எங்கள் வீட்டில் இதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். வெளியாருக்கு என்றால், எங்கட பூட்டன் அமெரிக்கப் பாதிரிமாரிட்ட இங்கிலீஷ் படிச்சவர் என்பார்கள். வீட்டுக்குள் குரலைத் தணித்து, பூட்டன் அமெரிக்கனுக்குப் பிறந்தவர் என்பார்கள். பூட்டன் பிறகு திருநீறு பூசிச் சைவத்துக்கே திரும்பிவிட்டார், பெயர் மட்டும் திரும்பவில்லை. அவருடைய முழுப் பெயரையும் தலைப்பிள்ளையான எனக்கு வைத்தார்கள். பூட்டன் படித்தது வீட்டுக்குப் பெருமை, பிறந்தது வெட்கம். இப்போது எனக்கு வெட்கம்தான் தேவைப்பட்டது.

மனைவிக்கு எழுதினேன். அவள் பாதிரிமார் கட்டிய பழைய தேவாலயத்துக்குப் போய், போதகரைப் பிடித்து, விடுதிப் பள்ளிக்கூடத்துப் பதிவுப் புத்தகத்தைத் திறக்க வைத்தாள். அவளுடைய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. “இஞ்சாருங்கோ, புத்தகம் செல்லரிச்சுப் போச்சு. தொட்ட இடம் உதிருது. பூட்டன்ரை பேர் இருக்கு. விடுதிப் பிள்ளை எண்டு இருக்கு. தாய் தகப்பன் பேர் எழுதிற இடம் வெறுமையாய்க் கிடக்கு. அதுக்குப் பக்கத்தில அமெரிக்காவில ஒரு ஊரின்ரை பேர் எழுதியிருக்கு. போதகர் ஐயா அந்த வரியை எழுதி முத்திரை குத்தித் தந்தவர்.”

அங்கிள் அந்தத் தாளைப் பார்த்துக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “தகப்பன் பேர் இல்லை. ஊர்ப் பேர் இருக்கு. அப்ப தகப்பன் யார்? அந்த ஊரில இருந்து வந்த பாதிரி! வெட்கத்தில பேரை விட்டுட்டான். ஆனா தன் பேரையே பிள்ளைக்கு வச்சிட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?” அவருக்குப் பெயர் என்றால் வம்சம். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த ஊர்த் தேவாலயத்துக்கு, இந்தப் பெயருள்ள குடும்பத்தில் இலங்கைக்குப் போனவர் யார் என்று கேட்டு அங்கிள் ஒரு கடிதம் எழுதினார்.

பதில் வரும்வரை நான் சும்மா இருப்பேனா? கராஜில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்து, என்னை ‘யாங்க்’, அதாவது அமெரிக்கன், என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஒரு கறுப்புக் கோட்டும் தாடியும் எனக்குப் பின்னால் நிற்பதுபோல் நானே நினைத்துக்கொள்வேன். முதலில் அது விளையாட்டு. பிறகு, நான் நினைக்காத காலைகளிலும் அங்கே யாரோ நின்றார்கள். சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். வெறும் சுவர்.

ஆடி அமாவாசை வந்தது. இங்கே ஆடி என்றால் நடுங்கும் குளிர். மெல்பேர்னில் அப்போது எங்களுக்குக் கோயிலும் இல்லை, எனக்குத் தெரிந்து ஐயரும் இல்லை. கிரேக்கக் கடையில் எள்ளு வாங்கிக்கொண்டு அல்ரோனா கடற்கரைக்குப் போய் நானே எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று மூன்று தலைமுறையைச் சொல்லித் தண்ணீர் விட வேண்டும். பூட்டன் பெயர்தான் என் பெயரும். ஒவ்வொரு வருடமும் என்னை நானே கடலுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல ஒரு கூச்சம் வரும். அந்த வருடம் பெயரைச் சொன்னதும் பின்னால் யாரோ வந்து நின்றது தெரிந்தது. கறுப்புக் கோட்டுப் பாதிரி இல்லை. அவ்வளவு உயரம் இல்லை. என் இடுப்பளவுதான். நான் திரும்பவில்லை. மிச்ச எள்ளை அப்படியே கொட்டிவிட்டு ரயிலுக்கு நடந்தேன். நான் எதற்கும் பயப்படாதவன், இயந்திர அறையில் நெருப்புப் பிடித்தபோதும் ஓடாதவன். அன்றைக்கு வேகமாக நடந்தேன்.

குடிவரவுக் கந்தோரில் நேர்முகத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கையில் அமெரிக்கக் கடிதம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம். அங்கிள் குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, கடிதத்தைப் பிரித்து, சபையில் பிரசங்கம் செய்பவரைப் போல உரக்க வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது பந்தியில் குரல் இறங்கியது. பிறகு நிறுத்திவிட்டார்.

“என்ன அங்கிள்?”

“பொறு மேன். நான் முதல்ல பார்க்கிறன்.”

“கருவாடு கருகுது. வாசியுங்கோ.”

அவர் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, தமிழில் மெதுவாகச் சொன்னார். எழுதியவர் ஒரு வயதான அம்மா. அந்தக் குடும்பத்தின் கடைசி ஆள். அவர் எழுதியது இது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் இலங்கைக்குப் போனதில்லை. நீங்கள் கேட்கும் பெயர் என் பாட்டியின் அண்ணனுடையது. அவன் ஐந்து வயதில் தொண்டை அடைத்து இறந்துவிட்டான். அந்தக் காலத்தில் எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் கடந்த விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வருடாவருடம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லும் பெயரை வைப்பார்கள். அவனுடைய தாய், செத்த மகனின் பெயரை அனுப்பினாள். அங்கே ஒரு பையனுக்கு அதை வைத்தார்கள். அவள் சாகும்வரை ‘இலங்கையில் என் பையன்’ என்று சொல்லித்தான் ஜெபம் செய்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் முடிந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? உங்களுடைய படம் ஒன்று அனுப்புவீர்களா?

உள்ளே, பழைய படம் ஒன்றின் பிரதி இருந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண், மடியில் ஒரு பையன். தலை சீவி, கழுத்தில் பட்டி கட்டியிருந்தது. நான் முதலில் பார்த்தது அவன் கண்ணைத்தான். என் கண்ணின் கணக்கு அங்கே இருக்கும் என்று பார்த்தேன். கண் மூடியிருந்தது.

“நித்திரையோ?” என்றேன்.

“இல்லை மேன். அந்தக் காலத்தில செத்த பிறகுதான் சில தாய்மார் படம் எடுத்தது. முதல்ல எடுக்க நேரம் கிடைக்கேல்ல.”

கடற்கரையில் எனக்குப் பின்னால் நின்றவனுக்கு இடுப்பளவு உயரம் ஏன் என்று அப்போது எனக்கு விளங்கியது.

அங்கிள் கருகிய கருவாட்டைக் குப்பையில் கொட்டினார். பிறகு, “முதல் தாளைக் காட்டு. இதைக் காட்டாதே. உன் கண் போதும்” என்றார்.

“அது பொய் எல்லோ அங்கிள்?”

“என் மரத்தில இருக்கிற ஒல்லாந்துக்காரன் எல்லாம் மெய் எண்டு நினைச்சியா? உனக்குப் பிள்ளை வேணுமா, வேண்டாமா?”

நேர்முகத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்தப் படத்தை அறையில் விட்டுப்போக மனம் வரவில்லை. ஒரு சின்னப் பிள்ளையைத் தனியே பூட்டிவிட்டுப் போவதுபோல இருந்தது. சட்டைப் பையில் வைத்தேன். அதிகாரி மரியாதையான மனிதர். போதகரின் தாளைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். இந்த அமெரிக்க ஊர்க்காரர்தான் உங்கள் பூட்டனின் தகப்பனா என்று கேட்டார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் விளங்கும். பதில் ஒரே சொல். அது வாயில் வரும்வரை பையில் இருந்த படம் ஈரத் துணிபோல் நெஞ்சில் ஒட்டியிருந்தது.

“யெஸ்” என்றேன்.

சில கிழமையில் அனுமதி வந்தது. அங்கிள் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினார். அவர்கள் பயண ஒழுங்கு செய்துகொண்டிருக்கும்போதே இங்கே ஆட்சி மாறி, நிறம் பார்ப்பதையே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தச் சொல்லுக்கே தேவை இருந்திருக்காது. அங்கிள் பெர்த்தில் மகளிடம் போகும்போது, “அந்தக் கிழவிக்கு எழுது மேன்” என்று சொல்லிவிட்டுத்தான் டாக்சியில் ஏறினார். நான் எழுதவில்லை. முதலில் பயம், பொய் வெளியே வந்துவிடும் என்று. பிறகு பயப்பட ஒன்றுமில்லை. அப்போதும் எழுதவில்லை.

தை மாதத்துக் கொதிக்கும் வெயிலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். மகள் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணும் சாம்பல் நிறம். எங்கள் கண் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வந்து ஒரு மாதமாகவில்லை, தகரப் பெட்டியைக் கிளறி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “அப்பா, ஏன் இந்தத் தம்பி நித்திரை?”

“காய்ச்சல், பிள்ளை.”

“பிறகு எழும்பினவனோ?”

“ஓம்” என்றேன். அதே பெயரில் என் இரண்டாவது பொய்.

அன்றிலிருந்து அவள் அவனைத் ‘தம்பி’ என்றே சொல்லத் தொடங்கினாள். தம்பிக்கும் ஐந்து வயது, எனக்கும் ஐந்து வயது என்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். குளிர்காலம் வந்தபோது அவளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே காத்திருக்கும்போது தாதி தகப்பன் பெயரை, முழுப் பெயரை, உரத்துக் கூப்பிட்டாள். நான் எழும்பவில்லை. முதலில் சுற்றிவரப் பார்த்தேன், வேறு யாராவது எழும்புகிறார்களா என்று. அவள் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் மனைவி என் தோளில் இடித்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, இது சாதாரணத் தொண்டை நோவு, மருந்து கொடுத்தால் மாறும் என்றார். வீட்டுக்கு வந்து மகள் தூங்கியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், படம், கந்தோரில் சொன்ன சொல், கண்ணாடி, கடற்கரை, எல்லாம். அவள் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிள்ளையை அவள் பார்க்கவில்லை. பிள்ளையைப் பிடித்திருக்கும் தாயின் கையைப் பார்த்தாள்.

“அந்த அம்மா போட்டோ கேட்டவா எல்லே? அனுப்பினீங்களோ?”

“இல்லை.”

“ஊர் முழுக்க வாயடிக்கத் தெரியுது. ஒரு கிழவிக்கு ஒரு வரி எழுதத் தெரியேல்லை?”

“என்னத்தை எழுதுறது? உங்கட பிள்ளையின்ரை பேரைச் சொல்லி என்ரை பிள்ளையைக் கூப்பிட்டனான் எண்டோ?”

“ஓம், அதைத்தான் எழுதுறது. உங்கட பூட்டனும் அந்தப் பேரைச் சொல்லித்தானே சாப்பிட்டவர்? அந்தத் தாய் அதுக்குத்தானே குடுத்தவ?”

“பிள்ளைக்குச் சுகமாகட்டும், படம் எடுப்பம்” என்றேன்.

மகளுக்குச் சுகமானதும் புட்ஸ்கிரேயில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். மூன்று பேரும் உட்கார்ந்தோம். படம்பிடிப்பவர், “சேர், இவ்வளவு முறைக்க வேண்டாம்” என்றார். நான் கண்ணைக் கொட்டாமல் அகலத் திறந்து வைத்திருந்தேன். மனைவி தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதினாள். படத்தையும் சேர்த்துத் தபாலில் போட்டோம்.

பதில் வரவில்லை. வருடங்கள் போயின. நான் சொந்தமாக ஒரு கராஜ் தொடங்கினேன், இரண்டாவது தொடங்கினேன், எழுபதுகள் முடியும் நேரம் மூன்றாவதைத் தொடங்கச் சிட்னிக்குக் குடும்பத்தோடு வந்தேன். மெல்பேர்ன் விலாசத்துக்கு வந்த ஒரு தடித்த உறை அங்கிருந்து எங்களைத் தேடி வந்தது. அந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து வந்திருந்தது. அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம். எங்கள் படத்தைக் கடைசிவரை அந்தப் பையனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். ஒரு பழைய கடிதத்தை எங்களுக்கு அனுப்பச் சொல்லி எழுதி வைத்திருந்தாராம். ‘இது அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியது’ என்று.

மனைவி அடுப்படியில். மகள் அந்தப் பழைய கடிதத்தைப் பறித்து வாசித்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்து வட்ட எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, வாத்தியார் பக்கத்தில் நின்று எழுதுவித்த எழுத்து. ஆஸ்திரேலிய உச்சரிப்பில் அவள் வாசித்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

‘அன்புள்ள அம்மா, நான் சுகமாக இருக்கிறேன். இப்போது எனக்கு நோய் ஒன்றுமில்லை. வயிறு நிறையச் சோறு சாப்பிடுகிறேன். எனக்காக நீங்கள் அழ வேண்டாம். உங்கள் அன்பு மகன்.’

அதற்குக் கீழே பெயர். மகள் அதை உரக்க வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “டாட், இது உங்கட பேர்.”

அந்த வரிகளை எழுதியபோது என் பூட்டனுக்கு ஒன்பதோ பத்தோ வயது இருக்கும். யாருடைய பெயரைப் போடுகிறான் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? கடலுக்கு அந்தப் பக்கம் கறுப்பு உடுப்போடு ஒருத்தி உறையைப் பிரித்து, செத்த மகனின் கையெழுத்தைப் பார்த்திருப்பாள்.

கடிதத்தை மகளிடமிருந்து வாங்கினேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் தடவத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தாளின் மேல் விரலை ஓட்டினேன். மேலேயும் கீழேயும் தாள் தடிப்பாக, நேராக இருந்தது. இடையில் ஒரு வரியில் மட்டும் பள்ளம். கண்ணைத் திறந்து பார்த்தேன்; அப்பால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு, யாரோ விரலால் தடவித் தடவி அந்த இடம் தேய்ந்து போயிருந்தது.

“பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு?”

அவள் எட்டிப் பார்த்தாள். “நான் சுகமாக இருக்கிறேன்.”

“இன்னொருக்கா வாசி” என்றேன்.